முறிகண்டியில் அக்காவின் கச்சான் தாச்சி

கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரம் கண்ணில் பட்டதும் கிளீனர் பெடியன் சில்லறை தேடத் தொடங்கிவிடுவான். தம்புள்ளையில் லொறியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை கிளிநொச்சிக்கு வருகிறேன். 2003 தொடக்கம் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இந்த ஏ-9 வீதிதான் எனக்குத் தொழில், பாதை பூட்டிக் கிடந்த காலம் தவிர. கிளிநொச்சிக்கு முன்னால் வரும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தாமல் போனதாக ஞாபகம் இல்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சரை (பொட்டலம்) கச்சான், அதாவது நிலக்கடலை. இவ்வளவு காலமாக ஒரே கடையில் வாங்கித் தின்கிற உரிமையில் அந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோயிலடியில் வரிசையாக நிற்கும் கச்சான் கடைகளில் ஒன்று. தகரக் கூரை, முன்னால் ஒரு மேசை. மேசையில் கச்சான் குவியல், பக்கத்தில் எள்ளுருண்டை, புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனங்கட்டிக் குட்டான். அடையாளம் சொல்வதென்றால், கடையின் பின்பக்கம் விறகடுப்பும் பெரிய இரும்புத் தாச்சியும் இருக்கும். கண் முன்னாலேயே வறுபடும்.

வறுப்பதைப் பார்க்க வேண்டுமென்றே சில நாட்கள் கொஞ்சம் முந்தி வருவேன். கடைக்கார அக்கா கச்சானை முதலில் உப்புத் தண்ணீரில் பிரட்டி வெயிலில் காயவைத்திருப்பார். தாச்சியில் ஆற்று மணல். பல வருட நெருப்பில் கறுத்துப்போன மணல். "புது மணலுக்குத் தூள் கூட, தம்பி. பழசுதான் ஒட்டாது" என்பார். மணல் நன்றாகக் கொதித்த பிறகுதான் கச்சான் உள்ளே விழும். மணல் நாலு பக்கமும் மூடிப் பிடிப்பதால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்காது. கை ஓயாமல் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். சரசர என்றது கலகல என்று கேட்கும். அப்போது ஒன்றை எடுத்து நசுக்கி, பருப்பின் சிவப்புத் தோலைப் பெருவிரலால் தள்ளிப் பார்ப்பார். தோல் வழுக்கி வந்தால் உடனே விறகை வெளியே இழுத்துவிடுவார். இறக்கிய பிறகும் கோதுக்குள் சூடு வேலை செய்யும் என்பதால் ஒரு கண் முந்தியே இறக்க வேண்டும். பிறகு அரிதட்டில் மணலை அரித்து, சுளகில் இரண்டு புடை. அந்தச் சூட்டோடு கோதை உடைத்தால் வருகிற மணத்துக்கு நான் ஏ-9 வீதியில் வேறெங்கும் இணை காணவில்லை.

கச்சான் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. முல்லைத்தீவு முத்தையன்கட்டில் எங்கள் அப்பா கச்சான் பயிர் செய்தவர். மாரி மழையோடு விதைத்துத் தை, மாசியில் பிடுங்குவோம். கச்சான் பூ மேலேதான் பூக்கும். பிறகு பூவின் அடியிலிருந்து ஊசி போல ஒன்று இறங்கி மண்ணுக்குள் போன பிறகே காய் பிடிக்கும். மண் இறுகினால் ஊசி இறங்காது. இறங்கினாலும் பிடுங்கும்போது காய் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் மணல் கலந்த முல்லைத்தீவு மண்ணுக்கு இந்தப் பயிர் இவ்வளவு வாய்த்தது. பன்றி கிண்டும், மயில் கிளறும், இரவு முழுக்கக் காவல் கொட்டிலில் தகரம் தட்டுவோம். ஆனால் அப்பா உண்மையில் பயந்தது பிடுங்கிக் காயப்போட்ட பிறகு வரும் மழைக்குத்தான். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தால் வரும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கசக்கிற பருப்பைத் துப்பிவிட வேண்டும் என்று சின்ன வயதிலேயே படிப்பித்தார்.

அக்கா கடையில் நான் துப்பிய பருப்புகளை விரல்விட்டு எண்ணலாம். வியாபாரி மூட்டை கொண்டுவந்து இறக்கினால், மேலே இருப்பதைப் பார்க்க மாட்டார். அடிவரை கைவிட்டு ஒரு பிடி அள்ளி, காதோரம் வைத்துக் குலுக்குவார். காய்ந்த கச்சான் உள்ளே ஆடும். ஈரமானது ஆடாது. ஆடாவிட்டால் மூட்டை திரும்பிப் போகும். வியாபாரி எவ்வளவு கெஞ்சினாலும் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் வாங்கிய சரையில் பருப்பு சிறிதாக இருந்தது, ருசியும் மட்டு. "அக்கா, இது எங்கட கச்சான் மாதிரி இல்லையே" என்று கேட்டேன். "இது வெளிக்கச்சான், தம்பி. ஊர்க்கச்சான் முடிஞ்சுது. தைக்குப் பிறகு வாங்கோ, நல்லது தருவன்" என்றார். கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்கிற கடை. வழியில் வேறோர் ஊரில், வேறொரு கடையில், மேலே சூடான கச்சானைத் தூவிக் கீழே நேற்றையதை நிரப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து மகள் பையைக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கடையடியில் பிறகு நான் பிரேக் மிதிக்கவில்லை.

முறிகண்டி என்றால் பலருக்குக் கோயில் மட்டும்தான். கடைக்காரருக்கோ வண்டி நின்றால்தான் அடுப்பு எரியும். பிள்ளையாரடியில் நிற்காமல் போனால் வழியில் வண்டி பழுதாகி நின்றுவிடும் என்பது சாரதிமார் நம்பிக்கை. நானும் நம்புகிறேன். போரால் 1990 இல் யாழ்தேவி ரயில் வடக்கே வருவது நின்றுபோனது, வீதியும் மூடிப்போனது. 2002 சித்திரையில் பாதை திறந்தபோது தெற்கு வாகனங்களும் திரும்ப வரத் தொடங்கின. "அந்தச் சித்திரையில நான் நித்திரை கொள்ளேல்லை, தம்பி, விடிய விடிய வறுத்தன்" என்று அக்கா இப்போதும் சொல்வார். நான் அவரிடம் முதன்முதல் வாங்கியது அடுத்த வருடம். 2006 ஆவணியில் முகமாலையில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. பிறகு போர் கிளிநொச்சியை நெருங்க, அவரும் எல்லாரோடும் கிழக்கே நடந்தார். கடைசியில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். தன் காணிக்குள் திரும்பக் கால் வைக்க 2012 ஆகிவிட்டது. மரமும் இல்லை, கொட்டிலும் இல்லை. கடன்பட்டுத் தாச்சி வாங்கினார். அடுத்த வருடம் கிளிநொச்சி வரை ரயில் ஓடியது. ரயிலில் போகிறவன் கச்சானுக்கு இறங்க மாட்டானே என்று அவர் கவலைப்பட்டதும், நான் ஆறுதல் சொன்னதும் நினைவிருக்கிறது. கொழும்பு இரவு பஸ்கள் அவரைக் கைவிடவில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கும் ஒரு பஸ் நிற்கும். நித்திரைக் கண்ணோடு இறங்கித் தேங்காய் உடைக்கிறவர்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சரை வாங்குகிற அம்மாமார் எல்லாம் அந்த ஒரு லைட் வெளிச்சத்தில்தான்.

குறை இல்லாமல் இல்லை. சூடான கச்சானைப் பொலித்தீன் பையில் கட்டித் தருகிறார். உள்ளே வேர்த்து, யாழ்ப்பாணம் போய்ச் சேர முன்பே கோது நமத்துவிடும். கடதாசிச் சரையில் கேளுங்கள், தருவார். தூர இடத்துக்கு என்றால் ஆறிய பிறகு கட்டச் சொல்லுங்கள். புழுக்கொடியல் சில நேரம் பழசு, கடித்துப் பார்த்து வாங்குங்கள். எள்ளுருண்டை எனக்கு இனிப்புக் கூட. இருக்க இடம் இல்லை, நின்றுதான் தின்ன வேண்டும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்கவும். அந்த நேர் ரோட்டில் வாகனங்கள் பறந்து வரும்.

விலை பக்கத்துக் கடைகளின் விலைதான். கடைசியாக நான் வாங்கிய 100 ரூபாச் சரை எங்கள் இரண்டு பேருக்கும் பரந்தன் தாண்டும் வரை போதவில்லை, அதற்கு முன் கிளிநொச்சியிலேயே முடிந்தது. மாலை நாலு மணிக்குப் பிறகு போனால் சுடச்சுடக் கிடைக்கும்.

தைப்பொங்கலுக்குப் பிறகு இறங்கும் முதல் ஊர்க்கச்சானில் இரண்டு கொத்து எனக்கென்று அளந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு கொத்து வறுத்தது, ஒரு கொத்துப் பச்சை. பச்சையை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவருக்கு இப்போது பல் இல்லை, அவித்தால்தான் தின்பார்.