நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குறுங்கோள்கள் போஸ்டர்: அளவுக்காக வாங்கலாம், நிறத்தை நம்ப வேண்டாம்

புளூட்டோ, ஏரிஸ், ஹௌமியா, மாக்கேமாக்கே, கோங்கோங், புளூட்டோவின் நிலாவான கேரன், குவாவர், செட்னா, ஓர்கஸ் எல்லாம் ஒரே அளவுகோலில், பக்கத்தில் ஒப்பிட நம் நிலா, மூன்றடிக்கு இரண்டடி தாள், விலை 500 ரூபாய்க்குள். இந்த மாதிரி ஒரு போஸ்டரை ரொம்ப காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன். வியாழன், சனி படமெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கிறது, நெப்டியூனுக்கு அப்பால் பனி உருண்டைகள் சூரியனைச் சுற்றும் கைப்பர் பட்டையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

வந்தவுடன் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு 200 கிலோமீட்டர். புளூட்டோவின் விட்டம் 2,377 கிலோமீட்டர், தாளில் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர், சரியாக இருக்கிறது. ஏரிஸ் 2,326, அதாவது தாளில் இரண்டரை மில்லிமீட்டர்தான் சின்னது, அதையும் விடாமல் காட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டரை மில்லிமீட்டருக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 2005இல் ஏரிஸைக் கண்டுபிடித்தபோது புளூட்டோவைவிடப் பெரியது என்றுதான் நினைத்தார்கள், அந்தச் சர்ச்சையில்தான் 2006இல் புளூட்டோவின் கோள் பட்டம் போனது. அப்புறம் 2010 நவம்பரில் ஏரிஸ் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே போனபோது, அந்த விண்மீன் எத்தனை நொடி மறைந்தது என்பதை வைத்துக் கணக்கிட்டதில், அது கிட்டத்தட்ட புளூட்டோ அளவுதான் என்று தெரிந்தது; ஒரு நூல் சின்னது என்பது 2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவை அருகில் அளந்தபோது உறுதியானது. எடையில் மட்டும் ஏரிஸ்தான் சுமார் 27 சதவீதம் அதிகம். இதை ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஹௌமியாவை உருண்டையாகப் போடாமல் முட்டை மாதிரி நீளமாக வரைந்ததற்குத் தனிப் பாராட்டு. நான்கு மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுகிறது, அந்த வேகத்தில்தான் உருவம் அப்படி இழுபட்டிருக்கிறது. 2017இல் கண்டுபிடித்த அதன் வளையத்தையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் குவாவரின் வளையங்கள் இல்லை. 2023இல் வந்த செய்தி அது, பழைய டிசைனையே இன்னும் அச்சடிக்கிறார்கள் போல.

அளவில் பெரிய தவறு செட்னாதான். தாளில் 9 சென்டிமீட்டர், அதாவது 1,800 கிலோமீட்டர். அது 2004இல் சொன்ன உச்ச மதிப்பீடு. இவ்வளவு தூரத்தில் உள்ளதெல்லாம் தொலைநோக்கியில் வெறும் ஒளிப்புள்ளிதான், சின்னதாக வெளுப்பாக இருந்தாலும் பெரிதாகக் கருப்பாக இருந்தாலும் ஒரே பிரகாசம்தான் தெரியும். பிறகு ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்ததில், சுமார் 1,000 கிலோமீட்டர் என்று வந்தது. 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டியதை 9 ஆகப் போட்டால், பார்க்கிற பிள்ளைகள் கோங்கோங்கைவிட, கேரனைவிட செட்னா பெரியது என்றே மனதில் பதித்துக்கொள்வார்கள்.

நிறத்தில் இன்னும் ஏமாற்றம். ஏரிஸை ஏன் பழுப்பாகப் போட்டார்கள் என்று புரியவே இல்லை. தன் மேல் விழும் ஒளியில் 96 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற உடல் அது, மீத்தேன் உறைபனி மூடி வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். ஓர்கஸுக்கு நீலம் பூசியிருக்கிறார்கள், அது சாம்பல். செட்னாவும் கோங்கோங்கும் நல்ல சிவப்பு, அது சரிதான்: மீத்தேன் போன்றவற்றின் மீது சூரியனின் புற ஊதாக் கதிரும் அண்டக் கதிரும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பட்டுப்பட்டு, தோலின் என்ற செம்பழுப்புப் பொருள் உண்டாகிறது. புளூட்டோவுக்கோ, 2015இல் நியூ ஹொரைசன்ஸ் எடுத்து, வேறுபாடு துலங்குவதற்காக நிறத்தை மிகைப்படுத்திய படத்தைப் போட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறம் அது இல்லை, வெளிர் பழுப்பு கலந்த சந்தன நிறம். நிறத்தை ஒப்பிடத்தானே போஸ்டர், ஒன்றுக்கு மிகைநிறம், மற்றதற்கு ஓவியர் தோன்றியபடி பூசியது என்றால் எதை எதனோடு ஒப்பிடுவது?

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு ஒன்று. இந்த வரிசையில் விண்கலம் அருகில் போய்ப் பார்த்தது புளூட்டோவையும் கேரனையும் மட்டும்தான். மாக்கேமாக்கேயில் பள்ளங்களும் குவாவரில் விரிசல்களும் இவ்வளவு துல்லியமாக வரைந்திருக்கிறார்களே, அதெல்லாம் கற்பனை. கற்பனை தப்பில்லை, சொல்லிவிட வேண்டும். ஒரு சின்ன நட்சத்திரக் குறி போதும், இல்லாவிட்டால் பார்த்ததற்கும் நினைத்துக்கொண்டதற்கும் வித்தியாசமே தெரியாமல் போகிறது.

டிரைட்டனும், கைப்பர் பட்டையில் உள்ள ஆரோகாத் என்ற சின்னப் பொருளும் இல்லாதது குறை. டிரைட்டன் நெப்டியூனின் நிலாதான், ஆனால் கைப்பர் பட்டையிலிருந்து பிடிபட்டு வந்தது என்றே கருதுகிறார்கள், 2,707 கிலோமீட்டர், புளூட்டோவைவிடப் பெரியது, 1989இல் வாயேஜர் 2 விண்கலம் அருகில் எடுத்த படமும் கையில் இருக்கிறது. ஆரோகாத்தை 2019 புத்தாண்டு அன்று நியூ ஹொரைசன்ஸ் கடந்துபோனது, நீளம் சுமார் 36 கிலோமீட்டர், இந்தத் தாளில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அந்தப் புள்ளியைப் புளூட்டோ பக்கத்தில் வைத்தால் அதைவிட நல்ல ஒப்பீடு ஏது!

தாள் கனமாக இருக்கிறது, எழுத்து தெளிவு, குழாயில் சுருட்டி மடிப்பு விழாமல் அனுப்பினார்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். வகுப்பறைக்கு வாங்குபவர்கள் செட்னா மேல் 5 சென்டிமீட்டரில் ஒரு சிவப்பு வட்டம் வெட்டி ஒட்டிவிடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் என்று கேட்டு வாங்குங்கள், கருப்புப் பின்னணியில் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டால் ஓர்கஸ் இருக்கும் மூலையே தெரிவதில்லை.