பச்சைக் கொட்டையா, வறுத்த பாக்கெட்டா?
ருவாண்டா காபியை அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுக்குப் பச்சையாகக் கொண்டுபோனால், 20 அடி கன்டெய்னரில் 60 கிலோ மூட்டை சுமார் 320 ஏறும். ஈரப்பதம் 10–12 சதவீதம் இருந்து, சாக்குக்குள் காற்றுப்புகாத உறையும் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். அங்கே ஆர்டர் வந்தபின் வறுக்கலாம். வறுப்பில் எடை 15–20 சதவீதம் குறையும். விலை போடும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள்.

ருவாண்டாவிலேயே வறுத்தால் கூலியும் லாபமும் அங்கேயே தங்கும். நியாயமான வழி அதுதான். ஆனால் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை லாரி, பிறகு கப்பல் என்று வாரக்கணக்கில் போகும். நைட்ரஜன் நிரப்பிய வால்வு பை (உள்வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத பை) இல்லையென்றால் மணம் போய்விடும். முதல் சரக்குக்குப் பச்சையே பத்திரம்.

எப்படி எடுத்தாலும், ருவாண்டா காபியில் சில சமயம் வரும் பச்சை உருளைக்கிழங்கு வாடையைக் கவனியுங்கள். அன்டெஸ்டியா பூச்சி தாக்கிய ஒரே கொட்டை போதும், மொத்த டிகாக்‌ஷனும் பாழ். கண்ணுக்குத் தெரியாது, அரைக்கும்போதுதான் மூக்கில் ஏறும்.