பீப் சத்தத்துக்காக வாங்கிய மல்டிமீட்டர்

“மலிவு மீட்டரும் அதே 5 வோல்ட்டைத்தானே காட்டுது, எதுக்கு இவ்வளவு விலை கொடுத்தீங்க?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். புது பேட்டரி இருந்தால், போர்டு வேலைக்குத் தேவையான அளவுக்கு மலிவு மீட்டரும் டிசி வோல்டேஜைச் சரியாகவே காட்டும். நான் துல்லியத்துக்காக மாறவில்லை, கண்டினியூட்டி பீப்புக்காக மாறினேன்: இரண்டு புள்ளிகளுக்கு இடையே மின் இணைப்பு இருந்தால் மீட்டர் கத்துமே, அந்தச் சத்தம்.

பழைய மலிவு மீட்டரில் புரோபை (அளக்கும் முனையை) வைத்தால் சற்று யோசித்துவிட்டுத்தான் கத்தும். போர்டில் ஓடும் ஒரு டிராக் (செம்புக் கோடு) ஐசியின் (சிப்பின்) எந்தக் காலுக்குப் போகிறது என்று தேட, ஒவ்வொரு காலிலும் வைத்துக் காத்திருக்க வேண்டும். புதியதில் ஒரு முனையை டிராக்கில் வைத்துக்கொண்டு மற்றதைக் கால்வரிசை மேல் சர்ரென்று இழுத்தால் போதும், சரியான கால் வந்ததுமே கத்திவிடும். எந்த ஸ்பெசிஃபிகேஷனைப் பார்த்தாலும் இந்தச் சுகம் தெரியாது.

கூடவே வந்த சிலிக்கான் வயரும் அருமை. பழைய பிவிசி வயர் விறைத்துக்கொண்டு மீட்டரையே மேஜையிலிருந்து இழுக்கும். அதை அசைத்தால் ஓம் அளவும் ஆடும்.

இனி எரிச்சல்: ஆட்டோ பவர் ஆஃப். பவர் சப்ளை சூடானதும் வோல்டேஜ் இறங்குகிறதா என்று கிளிப்பை மாட்டிவிட்டுக் காத்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் திரை காலி. அதைத் தடுக்க, ஆன் செய்யும்போதே ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும்! பழைய மீட்டர் பாட்டுக்கு விழித்திருக்கும். (அணைக்க மறந்தால் பேட்டரி இறங்கிவிடும், அப்புறம் 5 வோல்ட்டை 5.6 என்று கூசாமல் சொல்லும். அது வேறு கதை.)

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 230 வோல்ட் மெயின்ஸை (வீட்டு மின்சாரத்தை) ரெக்டிஃபை செய்தால், அதாவது டிசியாக மாற்றினால், எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பல மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு ஃபியூஸே கிடையாது, மற்றதற்கும் சின்னக் கண்ணாடி ஃபியூஸ்தான். புரோபை அந்த ஆம்பியர் சாக்கெட்டிலேயே மறந்து விட்டுவிட்டு மெயின்ஸைத் தொட்டால் நேரடி ஷார்ட். நல்ல மீட்டரில் பெரிய மின்னோட்டத்தையும் பத்திரமாகத் துண்டிக்கும், மணல் நிரப்பிய எச்ஆர்சி ஃபியூஸ் இருக்கும், தீப்பொறி உள்ளேயே அடங்கிவிடும்.

சரி, எதை வாங்குவது? பேட்டரியில் ஓடும் போர்டுகள் மட்டும் என்றால் மலிவு மீட்டரும் தனியாக வாங்கிய சிலிக்கான் வயரும் போதும். மெயின்ஸ் என்றால் நல்ல மீட்டர்தான் வேண்டும். ஆனால் என்னுடைய இந்த மாடலை, இவ்வளவு புகழ்ந்த பிறகும், இன்றைக்கு யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். காலையில்கூட அளந்துகொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டது.