ஒரிஜினலா, மாற்று பிராண்டா, போலியா? ஆன்லைனில் சார்ஜர், கேபிள், மெமரி கார்டு வாங்குமுன்

ஆன்லைனில் போன் சார்ஜர் தேடினால் மூன்று வகைப் பொருள்கள் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். முதலாவது, போன் கம்பெனியே விற்கும் ஒரிஜினல். இரண்டாவது, வேறொரு பிராண்டு தன் சொந்தப் பெயரில் விற்கும் சார்ஜர். விலை பெரும்பாலும் ஒரிஜினலில் பாதிதான். மூன்றாவது, ஒரிஜினலின் பெயரையும் பெட்டியையும் போட்டுக்கொண்டு இரண்டாவதன் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ வரும் போலி. வாங்குபவர்கள் போலியை ஒரிஜினலோடு வைத்துப் பார்த்து, எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அதே விலைக்கு நேர்மையான மாற்று பிராண்டு ஒன்று கிடைக்கும்போது, போலியை வாங்குகிறவர் லோகோவுக்காகத் தன் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறார். எனவே இங்கே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். பெட்டியில் எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ மங்கலாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பழைய அறிவுரை இப்போது பாதிதான் பயன்படும். பிழை இருந்தால் போலி என்பது சரி. பிழை இல்லையென்றால் ஒரிஜினல் என்று ஆகிவிடாது. பெட்டி, ஹாலோகிராம், கியூஆர் கோடு, சீரியல் எண் எல்லாமே அச்சகத்தில் முடிந்துவிடும் வேலை. உள்ளே இருக்க வேண்டிய செம்பு, பேட்டரி செல்லின் எடை, மெமரி சிப்பின் கொள்ளளவு, மின்காப்பு இடைவெளி ஆகியவற்றுக்குத்தான் உண்மையில் காசு செலவாகும். போலி செய்பவர் கை வைப்பதும் அங்கேதான். சோதனையும் அங்கேதான் நடக்க வேண்டும்.

சார்ஜர்

மூன்று வகைக்கும் இடையே உயிர் போகும் அளவுக்கு வித்தியாசம் இருப்பது சார்ஜரில்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டும் போனுக்குப் போகும் 5 அல்லது 9 வோல்ட்டும் ஒரே சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. நல்ல சார்ஜரில் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே பல மில்லிமீட்டர் இடைவெளியும், டிரான்ஸ்ஃபார்மரில் முறையான காப்புச் சுற்றும் இருக்கும். போலியில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். 2016-இல் மின்பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூஎல் நிறுவனம் 400 போலி ஆப்பிள் அடாப்டர்களைச் சோதித்தபோது, மின்காப்புச் சோதனையில் தேறியவை வெறும் 3. அந்த 400-இல் 12 அடாப்டர்கள் உயிரைப் பறிக்கும் அளவு மின்னதிர்ச்சி தரக்கூடியவையாக இருந்தன.

இந்தியாவில் விற்கும் மொபைல் அடாப்டருக்கு, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் பதிவு கட்டாயம். சார்ஜரின் உடலில் தர முத்திரையும், 'ஆர்-' என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். எண் இருக்கிறதே என்று அத்தோடு நின்றுவிடக் கூடாது. உண்மையான எண்ணை அப்படியே நகலெடுத்துப் போடுவது சுலபம். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணை இட்டு நான்கு விஷயங்களை ஒப்பிடுங்கள்: பதிவு நடப்பில் இருக்கிறதா, பொருள் வகை அடாப்டர்தானா, பிராண்டு பெயர் ஒத்துப்போகிறதா, மாடல் எண் பட்டியலில் இருக்கிறதா. எல்.ஈ.டி. விளக்குக்கு வாங்கிய எண் சார்ஜரில் அச்சாகியிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். தயாரிப்பாளர் பெயர் மட்டும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். பெரிய பிராண்டுகள் பலவும் சார்ஜரை வேறு ஆலைகளில் செய்து வாங்குகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள சால்காம்ப் ஆலை அப்படிப்பட்ட ஒன்று.

இந்தச் சோதனையில் ஒரிஜினலும் தேறும், மாற்று பிராண்டும் தேறும். அப்படியானால் இரண்டில் எது? அது போனைப் பொறுத்தது. ஐபோனும் கூகுளின் பிக்சலும் சாம்சங்கும் 'பவர் டெலிவரி' என்ற பொது முறையில் சார்ஜ் ஆகின்றன. சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்குச் சார்ஜரில் வோல்ட்டை நுட்பமாக ஏற்றி இறக்கும் 'பிபிஎஸ்' வசதி மட்டும் கூடுதலாக வேண்டும். பிபிஎஸ் உள்ள 30 வாட் மாற்று பிராண்டு சார்ஜர் ஒன்று இந்த மூன்றுக்கும் பொருந்தும். ஒரிஜினலுக்குக் கூடுதல் காசு தரத் தேவையில்லை. ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி போன்களின் 'சூப்பர்வூக்' என்ற வேக சார்ஜ் முறை வேறு கதை. அந்த முழு வேகம் அவர்களுடைய சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும். அங்கே ஒரிஜினலை அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே வாங்குவது நல்லது.

வாங்கியபின் சந்தேகம் வந்தால், வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி மீட்டரைச் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகுங்கள். போனில் சார்ஜ் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும்போது பாருங்கள். நிரம்பிய பேட்டரி எந்தச் சார்ஜரிலும் மெதுவாகத்தான் மின்சாரம் இழுக்கும். 25 வாட் என்று எழுதிய பவர் டெலிவரி சார்ஜர், அந்த வேகத்தை ஏற்கும் போனிலும் 5 வோல்ட்டைத் தாண்டவே இல்லையென்றால் அந்த எழுத்து பொய். சார்ஜில் போட்டிருக்கும்போது மட்டும் தொடுதிரை தானாகக் குதித்தால், சார்ஜரின் மின்வடிகட்டல் மோசம் என்று பொருள். உலோக உடலைத் தொட்டால் விரலில் லேசாகச் சுரசுரவென்று இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு முள் கொண்ட ஒரிஜினல் சார்ஜரிலும் அது வரும்.

கேபிள்

கேபிளில் போலியால் வரும் கெடுதல் வெளியே தெரியாது. ஒரு முனை பழைய ஏ வகை, மறுமுனை சி வகை என்று இருக்கும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். சில மலிவுக் கேபிள்களில் 10 கிலோ ஓம் போட்டிருப்பார்கள். அப்போது போன், எதிரே 3 ஆம்பியர் தரும் சார்ஜர் இருப்பதாக நம்பி, அவ்வளவு தாங்காத லேப்டாப் போர்ட்டிலிருந்தும் இழுக்கப் பார்க்கும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இலிருந்து ஆன்லைன் கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து இதை வெளிக்கொண்டுவந்தார். தவறாக இணைக்கப்பட்ட ஒரு கேபிள் 2016-இல் அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கியது.

இரு முனையும் சி வகையாக உள்ள கேபிளில் 60 வாட் வரை, அதாவது 3 ஆம்பியர் வரை, தனிச் சிப் தேவையில்லை. 100 வாட், 240 வாட் என்று விற்றால் கேபிளின் திறனைச் சார்ஜரிடம் சொல்லும் 'ஈ-மார்க்கர்' சிப் கட்டாயம். மீட்டர்களில் சில இந்தச் சிப்பைப் படித்துக் காட்டும். மீட்டர் இல்லாதவர்களுக்கு எளிய வழி: 30 வாட்டுக்கு மேல் வேண்டாதவர்கள் பெயர் தெரிந்த மாற்று பிராண்டின் 60 வாட் கேபிளை வாங்கினால் போதும். 150 ரூபாய்க்கு வரும் '240 வாட்' கேபிளை விட அது எல்லா வகையிலும் மேல்.

மெமரி கார்டு

நடைமுறையில் அதிகம் பேர் ஏமாறுவது இதில். அடையாளம் காண்பது சுலபமாக இருந்தும் ஏமாறுகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போலி கார்டில் 16 அல்லது 32 ஜிபி சிப்தான் இருக்கும். கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றி எழுதி, '512 ஜிபி' என்று கணினியிடம் சொல்ல வைத்திருப்பார்கள். போனில் போட்டால் 512 ஜிபிக்கு உரிய அளவே தெரியும். அந்தச் சின்னச் சிப் நிரம்பும் வரை எல்லாம் சரியாக இருக்கும். அதன்பின் எழுதுவது பழைய கோப்புகளின் மேலேயே போய் உட்காரும், அல்லது எங்கும் பதியாமல் போகும். கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் திறக்காது. கல்யாண வீடியோ போய்விட்டது என்று தெரியவரும் நாளில், பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்து பல மாதம் ஆகியிருக்கும்.

இங்கே ஒன்று தெளிவாக இருக்கட்டும். 128 ஜிபி கார்டு கணினியில் 119 ஜிபி என்று காட்டுவது போலித்தனம் இல்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 256 என்றால் 238, 512 என்றால் 477 அளவில் தெரியும்.

சோதிக்கும் முறை இது. கார்டு வந்ததும் அதில் எதையும் ஏற்றாதீர்கள். கார்டு ரீடரில் போட்டு, விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச நிரலைத் திறந்து, முழு இடத்தையும் எழுதிச் சரிபார்க்கும்படி ஓட விடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் 'எஃப்3' இதே வேலையைச் செய்யும். நிரல் கார்டு முழுவதையும் தன் கோப்புகளால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. நொடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதினால் 128 ஜிபிக்கு எழுத மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படிப்பதற்குத் தனி நேரம். இரவில் ஓட விட்டுவிடலாம். முடிவில் ஒரு ஜிபி இழப்பு என்று வந்தாலும் அந்தக் கார்டு ஆகாது. அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் சான்று.

கணினியே இல்லாதவர்கள், போனில் உள்ள பெரிய வீடியோக்களைக் கார்டு நிரம்பும் வரை நகலெடுத்து, கார்டைக் கழற்றி மாட்டி, முதல் கோப்பையும் நடுவில் உள்ளவற்றையும் கடைசிக் கோப்பையும் ஓட்டிப் பார்க்கலாம். இது முழுச் சோதனைக்கு ஈடாகாது, ஆனாலும் அப்பட்டமான போலியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதும் வேகமும் ஒரு சாட்சி. கார்டில் 'வி30' அல்லது 'யு3' என்று இருந்தால் தொடர்ந்து எழுதும் வேகம் நொடிக்கு 30 எம்பிக்குக் குறையக் கூடாது. கொள்ளளவு சரியாக இருந்தும் 10 எம்பியில் தவழ்ந்தால், அது மலிவான கார்டின் மேல் நல்ல பிராண்டின் அச்சு. ரீடரும் நல்லதா என்று வேறொரு கார்டு போட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கார்டைப் பொறுத்தவரை மாற்று பிராண்டைத் தேடிப் போவதில் பெரிய லாபம் இல்லை. முன்னணி பிராண்டுகளுக்குள்ளேயே விலைப் போட்டி கடுமையாக இருப்பதால், 512 ஜிபிக்குப் பதில் 128 ஜிபியை நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குவதே புத்திசாலித்தனம். '16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி' என்று ஓரிரு ஆயிரத்துக்கு வருவதைச் சோதிக்கவே வேண்டாம். திறந்தால் உள்ளே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு ஒட்டப்பட்டிருக்கும்.

பவர் பேங்க்

இதற்குச் சமையலறைத் தராசு போதும். 10,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்பது 3.7 வோல்ட் கணக்கில் 37 வாட் மணி. அவ்வளவு மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் லித்தியம் செல்லும் உறையும் சேர்ந்து ஏறக்குறைய 180 முதல் 230 கிராம் வரும். அதே எடையில் '50,000 எம்ஏஎச்' என்று விற்பவர் சொல்வது இயற்கைக்கே ஒவ்வாதது. விமானத்தில் அனுமதியின்றிக் கைப்பையில் கொண்டுபோக 100 வாட் மணிதான் எல்லை, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். அதனால் வாட் மணி அளவு உடலில் அச்சாகாத பவர் பேங்கைத் தொடவே வேண்டாம். பிஐஎஸ் எண் இதற்கும் கட்டாயம்.

10,000 எம்ஏஎச் போட்டும் போனுக்குப் 6,000 அளவுதான் கிடைக்கிறது என்ற புகார் அடிக்கடி வரும். அது ஏமாற்று இல்லை. 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்தும்போது எண் குறையும், கொஞ்சம் வெப்பமாகவும் போகும். நேர்மையான கம்பெனி இந்த இரண்டாவது எண்ணையும் உடலில் அச்சிட்டிருக்கும். யூஎஸ்பி மீட்டரில் 3,000-க்கும் குறைவாக வந்தால்தான் சண்டைக்குப் போக வேண்டும்.

இயர்பட்ஸ் பற்றிச் சுருக்கமாக. போலி ஏர்பாட்ஸில் உண்மையான சீரியல் எண்ணே நகலெடுக்கப்பட்டு வருவதால், ஆப்பிள் தளத்தில் எண் சரியென்று காட்டினாலும் அது முடிவான சான்று ஆகாது. ஐஓஎஸ் 16 முதல், இணைக்கும்போதே உண்மையானது என்று உறுதிசெய்ய முடியவில்லை என ஐபோன் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

யாரிடம் வாங்குவது

சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் வாங்கினால் பொருளைக் கையில் தூக்கிப் பார்க்கலாம். ஆன்லைனில் விற்பவரின் பெயர் ஒன்றுதான் கையில் இருக்கும் பிடி. கம்பெனியின் சொந்தத் தளம் முதலிடம். அடுத்தது, பெரிய சந்தைத் தளங்களில் அந்த பிராண்டு தன் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் என்று வெளியிட்டிருக்கும் பெயர். பெயர் தெரியாத விற்பனையாளரும் சமூக ஊடக விளம்பரக் கடையும் கடைசி. 'விற்பவர்' என்ற வரியையும் 'அனுப்புபவர்' என்ற வரியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்; பொருள் தளத்தின் கிடங்கிலிருந்து வருகிறது என்பதால் மட்டும் அது ஒரிஜினல் ஆகாது. அமேசான் கிடங்கிலிருந்து வந்த, தன் பெயர் போட்ட பொருள்களை வாங்கிச் சோதித்ததில் ஏறக்குறைய 90 சதவீதம் போலி என்று ஆப்பிள் 2016-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சொன்னது.

மதிப்புரைகளைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்துங்கள். சார்ஜர் பக்கத்தில் பழைய மதிப்புரைகள் செருப்பைப் பற்றியோ மிக்ஸியைப் பற்றியோ பேசினால், பழைய பக்கத்தில் புதுப்பொருளை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிராண்டு என்ற இடத்தில் 'ஜெனரிக்' என்றும் தலைப்பில் பெரிய கம்பெனி பெயரும் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். இறக்குமதிப் பொருளுக்கு இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பார்சல் வந்ததும், முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கிப் பொருளை வெளியே எடுத்து எண்ணைக் காட்டும் வரை வெட்டில்லாத ஒரே வீடியோவாக எடுங்கள். சோதனைகளை முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். போலி என்று தெரிந்தால், திருப்பி அனுப்பும் காரணத்தில் 'பிடிக்கவில்லை' என்று போடாமல் 'போலிப் பொருள்' என்றே போடுங்கள்; அப்போதுதான் புகார் விற்பனையாளரின் கணக்கில் ஏறும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து, ஆர்டர் எண், வீடியோ, சோதனைத் திரையின் படம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.