காரைக்குடிப் பக்கம் 'இலவச நில முதலீட்டு வகுப்பு'க்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டல் ஹாலிலும் கல்யாண மண்டபத்திலும் நில முதலீட்டு வகுப்பு நடக்கிறது. அனுமதி இலவசம், மதியச் சாப்பாடும் உண்டு. நடத்துபவர் தன்னை நிதி ஆலோசகர் என்கிறார். வகுப்பு முடிந்ததும் 'மேல்நிலைப் பயிற்சி' என்று சில ஆயிரங்கள் வாங்குகிறார்கள். அடுத்த வாரம் வேன் வைத்து மனை காட்டக் கூட்டிப் போகிறார்கள். அந்த மனையை விற்றால் ஆலோசகருக்குக் கமிஷன் கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். கணவர் இறந்தபின் பேங்கில் கிடந்த வைப்புத்தொகை அவரிடம் இருந்தது. "ஆச்சி, இன்னைக்கு டோக்கன் போட்டாத்தான் இந்த ரேட்டு, நாளைக்கு சதுர அடிக்கு நூறு ரூபா ஏறிரும்" என்று வேனிலேயே சொல்லி ரூ.50,000 வாங்கினார்கள். பிறகு நாலரை லட்சம். இப்போது அவர் கையில் இருப்பது பயிற்சி நிறுவனத்தின் பெயரில் ஒரு ரசீது, முத்திரைத்தாளில் பதிவு செய்யாத ஒப்பந்தம், வண்ண வரைபடம். நிலத்தின் சொந்தக்காரர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. பட்டா இன்னும் புஞ்சை நிலமாக அவர் பெயரிலேயே நிற்கிறது. விற்றவரிடம் இருந்தது பவர் (சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) மட்டும். வரைபடத்தில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் என்று அச்சடித்திருந்தது வெறும் விண்ணப்ப எண்.

இதில் ஒவ்வொன்றையும் பணம் கொடுக்கும் முன்பே பிடித்திருக்கலாம். முதலில் ஆலோசகர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகருக்கு ஐ.என்.ஏ. என்று தொடங்கும் பதிவு எண் உண்டு. செபி தளத்தில் பெயரைப் போட்டாலே தெரியும். மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தரின் ஏ.ஆர்.என். அட்டையும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் லைசென்ஸும் அதற்கு ஈடாகாது. செபி எண்ணே இருந்தாலும் அது பங்கு, பத்திரம் போன்றவற்றுக்கான ஆலோசனைக்குத்தான். மனை விற்கத் தனிப் பதிவு வேண்டும். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற வேண்டிய திட்டத்தில் மனை வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்திப் பணம் பெறுகிறவர் ஏஜென்ட் ஆகிறார். 'நான் ஆலோசகர்' என்று சொல்லித் தப்ப முடியாது. அவருடைய ரெரா ஏஜென்ட் எண்ணைக் கேளுங்கள். கூடவே, "இந்த விற்பனையில் உங்களுக்கு யார், எவ்வளவு தருகிறார்கள்?" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். நேர்மையானவர் எழுத்தில் பதில் தருவார்.

அடுத்து லேஅவுட். 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 12 சென்டுக்குச் சற்றுக் கூடுதலாக, நிலத்தை மனையாகப் பிரித்து விற்றால் ரெரா பதிவு கட்டாயம். பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. பதிவான திட்டத்திலும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது 2012 திருத்தத்துக்குப் பின் கட்டாயம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்னால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடையாக நிற்கும். கோயில் நிலத்துக்கும் இதே பிரிவுதான். நம் பக்கம் கோயில், அறக்கட்டளை நிலங்கள் நிறைய. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் அவற்றை விற்க முடியாது.

பத்திரம் பார்க்கும்போது 30 வருட வில்லங்கச் சான்றோடு நிறுத்திவிடாதீர்கள். அதில் பதிவானவை மட்டும்தான் வரும். நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவு செய்யாத உயில் எதுவும் தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து சங்கிலி அறாமல் வருகிறதா என்று பாருங்கள். சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவில், அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் அரசுப் பதிவேடு), எஃப்.எம்.பி. எனும் புல அளவை வரைபடத்தில் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவகங்கைச் சீமை கண்மாய்ப் பூமி. கோடையில் காய்ந்து கிடக்கும் வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) வேனில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது, அ-பதிவேட்டில் தெரியும். விற்பவரிடம் பவர் மட்டும் இருந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகிவிட்டதா என்று விசாரியுங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் செல்லாது. பவரும் ஒப்பந்தமும் மட்டும் வைத்துக்கொண்டு உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இன்னொரு வலை நம் ஊருக்கே உரியது, இப்போது வேகமாகப் பரவுகிறது. வளவு வீட்டில் (பங்காளிகளுக்குப் பொதுவான பழைய செட்டிநாட்டுப் பெரிய வீடு) பங்கு வாங்குங்கள், ஹெரிட்டேஜ் ஹோட்டல் ஆக்கி மாதம் 2 சதவீதம் தருகிறோம் என்கிறார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை புள்ளி (குடும்பக் கணக்கு) பங்கு, யார் மலேசியாவில், யார் சென்னையில் என்று பங்காளிகளுக்கே கணக்கு எட்டாத வீடுகள் உண்டு. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி மற்றவர்களோடு சேர்ந்து வீட்டை அனுபவிக்கும் உரிமை அவருக்கு வராது. பாகம் கேட்டு வழக்குப் போட்டாலும், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவின் கீழ் குடும்பத்தில் ஒருவர் முன்வந்தால் நீதிமன்றம் மதிப்புப் போட்டு அந்தப் பங்கை அவருக்கே கொடுத்துவிடும். அதாவது, முகப்பில்கூட உட்கார முடியாத பங்குக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறீர்கள். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இல்லாமல் எந்த வளவு வீட்டுத் திட்டத்திலும் இறங்காதீர்கள். மாதம் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 24. பலரிடம் பணம் திரட்டி, நிலத்தைத் தாங்களே நிர்வகித்து லாபம் தருவதாகச் சொல்வது கூட்டு முதலீட்டுத் திட்டம். அதற்குச் செபி பதிவு தேவை. பதிவில்லாமல் இப்படித் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்தை 2014-ல் ரூ.49,100 கோடியைத் திருப்பித் தரச் செபி உத்தரவிட்டது.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களிடம் 'பண்ணை நிலம்' விற்கிறார்கள். வெளிநாடுவாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டை உள்ள வெளிநாட்டுக் குடிமக்களும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

அவர்கள் போடும் லாபக் கணக்கையும் பாருங்கள். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனதைக் காட்டி, 5 லட்ச மனை ஐந்து வருடத்தில் 10 லட்சம், வருடத்துக்கு 15 சதவீதம் என்பார்கள். வாங்கும்போது முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், ரூ.45,000. இரண்டு பக்கமும் புரோக்கர் 2 சதவீதம் என்று வைத்தால் 10,000, விற்கும்போது 20,000. மிஞ்சும் லாபம் ரூ.4.25 லட்சத்துக்கு 12.5 சதவீத வரி, செஸ் தவிர்த்து ரூ.53,125. கையில் நிற்பது சுமார் 9.27 லட்சம், வருடத்துக்கு 11 சதவீதத்துக்குள். அதே விலைக்கு விற்க எட்டு வருடம் ஆனால் ஆறரை சதவீதம்தான். ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) எழுதிப் பழகிய ஊர் நம் ஊர். அவர்கள் தரும் தாளை வாங்காமல் வீட்டில் உட்கார்ந்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். சொத்து வாங்க ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. பேங்க் மூலமாக, பட்டாவில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். பயிற்சி நிறுவனத்தின் கணக்கு எண்ணைத் தந்தால் மறுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் போனில் கெஞ்சி நாளைக் கடத்தாதீர்கள். ஒப்பந்தத்தையும் பணத்தையும் குறிப்பிட்டு, திருப்பித் தர 15 நாள் கெடு வைத்து, டெலிவரிச் சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரெரா பதிவு பெற்ற, அல்லது பெற்றிருக்க வேண்டிய திட்டமானால் தமிழ்நாடு ரெராவில் படிவம் எம் மூலம் புகார் தரலாம். மாத வருமானம் தருவதாகச் சொல்லிப் பலரிடம் வாங்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் கொடுங்கள்; பணம் கட்டிய மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் விசாரணைக்கு வலு கூடும். வகுப்பு நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகள், ரசீது, பேங்க் அறிக்கை எல்லாவற்றையும் இன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள். புகார் போனதும் முதலில் அழிவது அந்த வாட்ஸ்அப் குழுதான்.