வீட்டுக்கு பார் பில்லியர்ட்ஸ் டேபிள் வாங்கினோம்: டைமர் இல்லாததை மட்டும் எடுக்காதீங்க

போன நவம்பர்ல ஒரு பழைய பார் பில்லியர்ட்ஸ் டேபிள் வாங்கினோம், எட்டு மாசம் ஆச்சு, வீட்ல தினமும் யாராவது ஒருத்தர் ஆடிட்டுத்தான் இருக்கோம், இனிமே தைரியமா எழுதலாம்னு தோணுது. வாங்குறதுக்கு முன்னாடி தமிழ்ல தேடிப் பாத்தேன், ஒண்ணுமே கிடைக்கல. இங்கிலாந்துல இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது வீட்ல ஒரு ரூமை விளையாட்டுக்குன்னு ஒதுக்குற யோசனைல இருந்தா பூல் டேபிளுக்குப் போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

நாங்க இருக்கிறது ஆக்ஸ்ஃபோர்ட்ல. இந்த விளையாட்டு தெற்கு இங்கிலாந்து பப்கள்ல வளர்ந்தது, வடக்கே போனா பாதி பேருக்கு என்னன்னே தெரியாது. 1930கள்ல டேவிட் கில்னு ஒருத்தர் பெல்ஜியத்துல இது மாதிரி ஒண்ணு ஆடுறதைப் பாத்துட்டு வந்து, லண்டன் ஹாலோவே ரோட்ல இருந்த ஜெல்க்ஸ் கம்பெனிகிட்ட செய்யச் சொல்லியிருக்காரு, அப்புறம் கொஞ்ச வருஷத்துலயே ஆக்ஸ்ஃபோர்ட், ரெடிங், கேன்டர்பரி பக்கமெல்லாம் லீக் ஆரம்பிச்சிட்டாங்க. உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது ஜெர்சி தீவுல. எங்க ஆபிஸ் பக்கத்து பப்ல ஒரு மூலைல ஒரு டேபிள் கிடந்துச்சு, வேலை முடிஞ்சு அங்க ஆட ஆரம்பிச்சதுதான், மூணு வருஷத்துல வீட்டுக்கே வந்துடுச்சு.

தெரியாதவங்களுக்கு கேரம் வச்சு சொன்னா டக்குனு புரியும். மூலைல பாக்கெட் கிடையாது, டேபிள் மேலேயே ஒன்பது குழி இருக்கும், 10ல இருந்து 200 வரைக்கும் பாயின்ட். எட்டு பந்து, ஏழு வெள்ளை, ஒரு சிவப்பு. சிவப்பு எந்தக் குழில விழுந்தாலும் பாயின்ட் ரெண்டு மடங்கு. ஒரே பக்கத்துல இருந்துதான் எல்லாரும் ஆடணும், கேரம்ல ஸ்ட்ரைக்கரை நம்ம கோட்டுல வச்சு அடிக்கிற மாதிரி பந்தை முன்னாடி இருக்கிற வளைவுல வச்சு க்யூங்கிற நீளக் கோலால அடிக்கிறோம். குழிகளுக்கு நடுவுல காளான் மாதிரி சின்னச் சின்ன பெக் நிக்கும். வெள்ளை பெக்கைத் தட்டினா அந்த முறை எடுத்த பாயின்ட் அத்தனையும் போச்சு. கறுப்பு பெக் 200 குழிக்கு நேர் முன்னாடி நிக்கும், அதைத் தட்டினா ஆரம்பத்துல இருந்து சேத்து வச்ச மொத்த ஸ்கோரும் சைபர். இந்த ஒரு விதிக்காகவே நான் இதை மத்த எல்லா டேபிள் விளையாட்டுக்கும் மேல வைப்பேன், கடைசி வரைக்கும் யாரும் நிம்மதியா நிக்க முடியாது.

இப்ப இடம். இதுதான் நம்ம வீடுகளுக்குப் பெரிய விஷயம். 7 அடி பூல் டேபிள் போட்டா நாலு பக்கமும் க்யூ இழுக்க இடம் வேணும், முழு நீள க்யூவோட கணக்குப் போட்டா ரூம் கிட்டத்தட்ட பதினஞ்சரை அடிக்குப் பன்னெண்டரை அடி இருக்கணும். எங்க பின் ரூம் 11 அடிக்கு 9 அடி. பூல் டேபிள்னா உள்ள கொண்டுபோய் வச்சுட்டு கதவை மூடிக்க வேண்டியதுதான். பார் பில்லியர்ட்ஸ் டேபிளை ஒரு முனை சுவத்தை ஒட்டிப் போட்டுடலாம், ஏன்னா அந்தப் பக்கம் யாரும் போகவே வேண்டாம். எங்களுது சுமார் அஞ்சரை அடி நீளம், அகலம் மூணு அடிக்குக் கொஞ்சம் கம்மி. முன்னாடி நின்னு க்யூ இழுக்க இடம், பக்கத்துல ஒரு நாற்காலி, துணி காயப் போடுற ஸ்டாண்டு கூட மூலைல நிக்குது. "ஏங்க, இது உள்ள வந்தா அயர்ன் பண்ற இடம் எங்க போறது"ன்னு வீட்ல கேட்டாங்க, அந்த இடமும் அப்படியே இருக்கு.

முதல்ல நான் போய்ப் பாத்த டேபிள் ஒரு வீட்டு கராஜ்ல இருந்துச்சு. பாக்க அவ்வளவு அழகு, பாலிஷ் பண்ணி, புதுத் துணி போட்டு, விலையும் பரவாயில்ல. கீழ குனிஞ்சு பாத்தா டைமர் பொட்டியே இல்ல. "வீட்டுக்குத்தானே, காசு போடுறதெல்லாம் எதுக்கு, கழட்டிட்டேன், இனிமே பந்து எப்பவுமே திரும்பி வந்துட்டே இருக்கும்"னு விக்கிறவர் அதை ஒரு வசதியாவே சொன்னாரு. நான் அங்கேயே வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்.

ஏன்னு சொல்றேன். பப்ல காசு போட்டா டைமர் ஓட ஆரம்பிக்கும், பொதுவா 17 நிமிஷம் பக்கம். அந்த நேரம் முழுக்க குழில விழுற பந்தெல்லாம் உள்ள உருண்டு முன்னாடி வந்துடும், திரும்பி எடுத்து அடிக்கலாம். நேரம் முடிஞ்சதும் உள்ள ஒரு தடுப்பு டொக்குனு விழும், அந்த விளையாட்டோட பேர்ல இருக்கிற "பார்" அதுதான்னு ரொம்ப பேர் நினைக்கிறாங்க, பப்ல இருக்கிற பார்னு இன்னும் சில பேர் சொல்றாங்க, அது எப்படியோ போகட்டும், அந்தச் சத்தத்துக்கு அப்புறம் விழுற பந்து எதுவும் திரும்பாது. மேல மிச்சம் இருக்கிறதை வச்சுத்தான் ஆடணும், ஒண்ணொண்ணா குறையும், கடைசி ஒரு பந்தை பக்கவாட்டு குஷன்ல, அதாவது டேபிள் ஓரத்து ரப்பர் விளிம்புல, பட வச்சு 100லயோ 200லயோதான் போடணும். 200க்குப் போறதுன்னா அந்தக் கறுப்பு பெக் பக்கத்துல போய்த்தான் ஆகணும். அதாவது சேத்து வச்சது எல்லாத்தையும் கடைசி அடில பணயம் வைக்கலாமா வேண்டாமான்னு ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடம் அது. டைமர் இல்லேன்னா அந்த இடமே வராது. சும்மா பந்து போட்டுட்டே இருக்கலாம், பத்து நாள்ல அலுத்துடும், அப்புறம் டேபிள் மேல பார்சல் டப்பாவும் ஸ்கூல் பையும் ஏறிடும். நிறைய வீட்ல இதுதான் நடந்திருக்குன்னு நினைக்கிறேன், செகண்ட் ஹேண்ட்ல வர்ற டைமர் இல்லாத டேபிளோட துணியெல்லாம் அவ்வளவு புதுசா இருக்கிறதைப் பாத்தாலே தெரியுது.

கடைசியா எடுத்தது பழைய பப் டேபிள்களைச் சரிபண்ணி விக்கிற ஒரு சின்ன கடைல. 1,150 பவுண்ட், வீட்டுக்குக் கொண்டு வர 120 தனி. காசு போடுற இடத்தை மாத்தி ஒரு கம்பியை இழுத்தா டைமர் ஓடுற மாதிரி பண்ணிக் குடுத்தாங்க, இது ரொம்ப நல்ல ஏற்பாடு, கேட்டு வாங்குங்க. சந்தைல சாம்ஸ், ஜெல்க்ஸ் பேர் போட்ட பழைய டேபிள்கள் அடிக்கடி வரும். பேரைப் பாக்கிறதை விட அடிப்பக்கத்தைப் பாருங்க, மேல துணிக்குக் கீழ இருக்கிறது ஸ்லேட் கல்லான்னு கேளுங்க. மரப்பலகைன்னா ஈரத்துக்கு வளையும், பந்து தானா ஒரு பக்கம் ஒதுங்கும்.

கடைக்காரங்க மேல எனக்கு ரெண்டு வருத்தம் இருக்கு. சொன்ன தேதிக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் வந்துச்சு, போன் பண்ணாலும் ஒழுங்கா பதில் இல்ல. வந்த டேபிள்லயும் டைமர் பதினோராவது நிமிஷத்துல நின்னு போச்சு, தடுப்பு விழவே இல்ல. நான் எதைப் பெருசா நினைச்சு வாங்கினேனோ அதுவே ஓடலைன்னதும் மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. ஆனா ஒண்ணு, சொன்ன அடுத்த சனிக்கிழமையே ஆள் வந்து, ஒரு மணி நேரம் தரைல படுத்து, பொட்டியைக் கழட்டி சுத்தம் பண்ணி ஓட வச்சுட்டுத்தான் போனாரு, காசு வாங்கல. அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் நிக்கல. நீங்க வாங்கப் போனா கடைலயே டைமரை ஓட விட்டு முழு ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டு காசு குடுங்க, நான் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வந்தது தப்பு.

தூக்குறது சாதாரண வேலை இல்ல. ஸ்லேட் வெயிட்டு வெயிட்டுதான். எங்க வீடு பழைய வரிசை வீடு, வாசல்ல நுழைஞ்சதும் ஒடுக்கமான நடை, ரெண்டு பேர் காலைக் கழட்டி சாய்ச்சு நிறுத்தித்தான் உள்ள கொண்டு வந்தாங்க. வாசல், நடை, திருப்பம் மூணையும் டேப் வச்சு அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க. அப்புறம் லெவல். மரத்தரை எங்க வீட்ல ஒரு பக்கம் லேசா இறங்கியிருக்கு, கண்ணுக்குத் தெரியாது, ஆனா மெதுவா விட்ட பந்துக்குத் தெரியும். ரசமட்டம் வச்சு ஒரு காலுக்கு அடில தகடு குடுத்து ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து சரிபண்ணேன். மரத்தரைல இன்னொரு தொந்தரவும் இருக்கு, பையன் பக்கத்து ரூம்ல குதிச்சா பெக் ஆடும், ரெண்டு தடவை கறுப்பு பெக் தானாவே விழுந்திருக்கு. கால்களுக்கு அடில தடிமனான ரப்பர் போட்டதும் நின்னுச்சு. பெக்கோட அடிப்பாகம் தேஞ்சிருந்தாலும் இதே கதைதான், வாங்கும்போது ஒவ்வொண்ணா நிறுத்தி வச்சுப் பாருங்க, ஒரு செட் கூடுதலா வாங்கி வச்சுக்கோங்க.

மார்ச்ல அப்பா மதுரைல இருந்து வந்திருந்தாங்க. வயசு 71. க்யூவைக் கைல தொட்டதே இல்ல, ஆனா வாழ்க்கை பூரா கேரம் ஆடின கை. ரெண்டாவது நாளே குஷன்ல தட்டி ஓரத்துக் குழிக்குப் போற கோணமெல்லாம் எனக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சுது. ஒரு ராத்திரி 2,340 எடுத்து என்னை விட ரொம்ப முன்னாடி இருந்தாங்க, தடுப்பு விழுந்துச்சு, கடைசிப் பந்து. 100க்குப் போட்டா போதும், போடாம விட்டா கூட ஜெயிச்சிருப்பாங்க. "200க்குப் போறேன்டா"ன்னாங்க. "வேணாம்ப்பா, ஜெயிச்சாச்சு"ன்னேன். கேக்கல. பந்து குஷன்ல பட்டு வளைஞ்சு வந்து கறுப்பு பெக்கைத் தொட்டு சாய்ச்சுடுச்சு. மொத்தமும் போச்சு. ஒரு நிமிஷம் பேசாம நின்னாங்க. மறுநாள் காலைல காபி குடிச்ச கையோட "தம்பி, அந்தக் கம்பியை இழு"ன்னு வந்து நின்னாங்க. ஆறு வாரம் இருந்துட்டு ஊருக்குப் போனாங்க, இப்பவும் வீடியோ கால்ல வந்தா பேரன் படிப்புக்கு அடுத்து அதைத்தான் கேக்குறாங்க.

பராமரிப்புன்னு பெருசா இல்ல. துணியை பிரஷ் வச்சு ஒரே திசைல, நாம நிக்கிற பக்கத்துல இருந்து சுவர் பக்கமா தள்ளணும், குழி ஓரத்துல க்யூ முனைல தடவுற சாக் தூள் சேரும், அதை எடுத்துடணும். ஹீட்டருக்குப் பக்கத்துல போடாதீங்க. கராஜ்லயும் வேண்டாம், ஸ்லேட் தாங்கும், சுத்தி இருக்கிற மரமும் துணியும் ஈரத்துல கெட்டுப் போகும்.

டேபிளுக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், கடைக்கு மூணரை, அந்த அரையும் சனிக்கிழமை வந்து தரைல படுத்த மனுஷனுக்காக. ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் இருக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னாடி லீக் நடக்கிற ஒரு பப்புக்கு ஒரு ராத்திரி போய் ஓரமா நின்னு பாருங்க, ஆடுற வயசானவங்ககிட்ட கேளுங்க, எந்த டேபிள் எப்படின்னு கடைக்காரங்களை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும், எனக்கு ஸ்லேட்டைப் பத்திச் சொல்லிக் குடுத்ததே அப்படி ஒருத்தர்தான்.