சைக்காலஜி பிஎச்டி வாங்கித் தருகிறோம் என்று யாராவது அழைத்தால்

"சைக்காலஜி முதுநிலை முடித்தவர்களா? வேலையை விடாமல் பகுதிநேர பிஎச்டி. நுழைவுத்தேர்வு இல்லை. கைடு நாங்களே தருவோம். முடித்ததும் சொந்தமாக கிளினிக் வைக்கலாம்." இந்த மாதிரி விளம்பரம் உங்கள் வாட்ஸ்ஆப்புக்கும் வந்திருக்கும். எனக்கு அனுப்பியது கோவையில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனம். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது, போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் கடை திறக்கிற ஆட்கள்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கவுன்சலர். கவுன்சலரிடம் அனுப்புவதையே மாணவர்கள் ஏன் தண்டனையாக நினைக்கிறார்கள் என்பதை ஆராய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நிறுவனத்தில் பேசிய அம்மணி அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சூப்பர் டாபிக்குங்க மேடம். நீங்க ஃபீஸ மட்டும் கட்டுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். மொத்தம் மூன்றரை லட்சம், முதல் தவணை 60,000. வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொன்னார். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் தளத்தில் தேடினேன், பட்டியலில் இருந்தது. பணம் கட்டினேன். சில வாரத்தில் 'தற்காலிகப் பதிவுக் கடிதம்' வந்தது. முத்திரை, பதிவு எண், கைடு (ஆய்வு வழிகாட்டி) பெயர் எல்லாம் பக்காவாக இருந்தன.

பல்கலைக்கழகம் நிஜம். கடிதத்தில் இருந்த பேராசிரியரும் நிஜம். நடுவில் இருந்த கடிதம் மட்டும்தான் பொய். போலிப் பல்கலைக்கழகப் பட்டியலைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

முதல் சந்தேகம் என்ஓசியில் வந்தது. வேலையில் இருப்பவர் பகுதிநேர பிஎச்டி சேர வேண்டுமானால் பணியிடத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று யூஜிசியின் 2022 விதிமுறை சொல்கிறது. தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காக (ஆய்வுக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள்) பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் அதில் எழுதித் தர வேண்டும். எங்கள் பிரின்சிபலிடம் கேட்க ஒரு வாரம் ஆகும் என்றேன். "அவங்கள எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க? ஸ்கூல் லெட்டர்பேட மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நாங்களே ரெடி பண்ணிக்கறோம்" என்று பதில் வந்தது. என் பள்ளியின் கடிதத்தையே தயாரிக்கத் துணிந்தவர்கள் பல்கலைக்கழகக் கடிதத்தைத் தயாரிக்க யோசிப்பார்களா என்ன?

அடுத்து சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம். நான் சொன்ன தலைப்பு காணோம். 'பிளஸ் டூ மாணவர்களின் தேர்வுப் பதற்றம்' என்று வேறு எதையோ அனுப்பியிருந்தார்கள். சரி, படித்தாவது பார்ப்போம் என்று திறந்தேன். இரண்டாம் பக்கத்தில் 'கோயம்புத்தூர் காமராசர் பல்கலைக்கழகம்' என்று ஒரு மேற்கோள். கொஞ்சம் தள்ளி, 'வைகை ஆற்றின் தென்கரையில் உள்ள கோயம்புத்தூர் பள்ளிகள்'. மதுரையில் யாரோ எழுதியதை எடுத்து, ஊர்ப் பெயரை ஒரே அமுக்கில் மாற்றி என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது என்னவோ உண்மை. அந்தச் சிரிப்பின் விலை 60,000.

அன்றைக்கே அந்தப் பேராசிரியரின் மின்னஞ்சலைப் பல்கலைக்கழகத் தளத்தில் தேடி எடுத்து எழுதினேன். மறுநாளே பதில். என் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவர் உதவிப் பேராசிரியர். விதிப்படி நான்கு பேருக்குத்தான் வழிகாட்டலாம் (இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு), தன்னிடம் இடமே காலி இல்லை என்றார். அவர் பெயரில் இப்படிக் கடிதம் சுற்றுவது அவருக்கும் புதுச் செய்தி.

'நுழைவுத்தேர்வு இல்லை' என்பதும் சுத்தப் பொய். தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வும், அல்லது பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத்தேர்வும் நேர்முகமும் தாண்டித்தான் உள்ளே போக முடியும். பல்கலைக்கழகத் தேர்வு என்றால் அதில் பாதி ஆய்வு முறையியல். 2024 முதல் நெட்டிலேயே பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று தனிப் பிரிவு வந்துவிட்டது. 'ஒன்றரை வருடத்தில் முடித்துத் தருகிறோம்' என்றும் சொல்வார்கள். குறைந்தபட்சமே மூன்று ஆண்டு. ஆன்லைன் பிஎச்டி, தொலைநிலை பிஎச்டி இரண்டுக்கும் அனுமதி கிடையாது. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களின் பெயரில் விற்கப்படும் ஆன்லைன் பிஎச்டியை நம்ப வேண்டாம் என்று 2022 அக்டோபரிலேயே யூஜிசியும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇயும் சேர்ந்து அறிவித்தன. அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம் என்பதாலும் எல்லாம் சரியாகிவிடாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுக்கு பிஎச்டி மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யூஜிசி தடை போட்டது. மூன்றும் முறைப்படி அங்கீகாரம் பெற்றவைதான்.

இத்தனையையும் மன்னித்தாலும், கிளினிக் பேச்சை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "எம்ஃபில்தான் நின்னுபோச்சுங்களே, இனிமே பிஎச்டி முடிச்சாத்தான் லைசென்ஸ்" என்று அடித்துச் சொன்னார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. 2022 விதிமுறையோடு பொதுவாக எம்ஃபில் (பிஎச்டிக்கு முந்தைய ஆய்வுப் பட்டம்) போய்விட்டது, சரி. ஆனால் கிளினிக்கல் சைக்காலஜி எம்ஃபிலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை யூஜிசி விலக்கு கொடுத்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பதிவு செய்துகொள்ள வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த இடத்தில், அந்த எம்ஃபில் போன்ற படிப்பில், மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்துப் பயின்றிருக்க வேண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையும் அதையேதான் கேட்கிறது. சாதாரண சைக்காலஜி பிஎச்டி ஆய்வுப் பட்டம். பேராசிரியர் வேலைக்கு உதவும், ஆராய்ச்சிக்கு உதவும். அதை மட்டும் வைத்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. எனக்குப் போனது பணம். இந்தப் பேச்சை நம்பி ஒருவர் உட்கார்ந்துவிட்டால், தற்கொலை எண்ணத்தோடு வருகிற ஒரு பையன் அவரிடம்தானே போவான்?

விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் கைடு பெயரைக் கேளுங்கள். உடனே சோத்கங்கா இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும், அவர் யாருக்கு எந்தத் தலைப்பில் வழிகாட்டினார் என்பது தெரிந்துவிடும். அப்புறம் அவருக்கே நேராக எழுதுங்கள். பதில் வராவிட்டால் துறைத்தலைவருக்கு எழுதுங்கள். தரகர் வழியாக மட்டுமே பேச முடிகிற கைடு உங்களுக்கு வேண்டாம்.

ரசீதையும் பாருங்கள். என் ரசீதில் பிஎச்டி என்ற வார்த்தையே கிடையாது. 'கல்வி ஆலோசனை மற்றும் ஆவணத் தயாரிப்பு' என்று போட்டிருந்தார்கள். பணம் போனது ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. திருப்பிக் கேட்டபோது, "ஆலோசனை குடுத்துட்டமுங்களே" என்று அந்த ரசீதையே காட்டினார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு பைசாவும் போகாததால் அங்கே போய்க் கேட்கவும் வழியில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே பதியலாம். போலிக் கடிதத்துக்காகக் காவல்துறையில் தனிப் புகார். இதே வாசகத்தோடு ரசீது வைத்திருப்பவர்கள் அவரவர் பெயரில் புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போயாக வேண்டும். வாட்ஸ்ஆப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள், என்னிடம் லெட்டர்பேட் கேட்ட குரல்பதிவுதான் இப்போது முதல் சாட்சி.